காற்றாடிமலையில் மகன் கேட்டது

கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர் தந்த புனித தேவசகாயத்தின் தடம் தேடிக் குமரி மாவட்டத்துக்கு வருகிறவர்களில் பலர் நேரே ஆரல்வாய்மொழிக்குப் போய், அவர் கொல்லப்பட்ட காற்றாடிமலை ஏறி, கோட்டாறில் அவர் கல்லறையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் புலியூர்க்குறிச்சியில் இறங்கி உதயகிரிக் கோட்டைக்குள் நுழைய வேண்டும் என்பது என் கட்சி. வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிட வேண்டும் என்பது என் கணவரின் கட்சி. கடைசியில் கோட்டைக்கே போனோம்.

உள்ளே, மரங்களுக்கு நடுவே, கூரை இழந்து நிற்கிறது ஒரு சிற்றாலயம். டிலனாயும் அவர் மனைவியும் மகனும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனித் தளபதி அவர். கைதியாக வந்தவர் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி தந்து, 1777-இல் இந்த மண்ணிலேயே கண்மூடினார். நட்டாலத்தில் 1712-இல் பிறந்து அரண்மனை அலுவலராக இருந்த நீலகண்டன், அதாவது பின்னாளில் தேவசகாயம் ஆனவர், இவரிடம்தான் தன் மனச்சுமையை இறக்கி வைத்திருக்கிறார். குடும்பத்தில் அடுக்கடுக்காக இழப்புகள் வந்த காலம் அது. டிலனாய் அவருக்கு, விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

அந்த நிழலில் உட்கார்ந்து இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, யார் கைதி, யார் சுதந்திர மனிதர் என்ற கணக்கே குழம்பிப்போனது. போரில் பிடிபட்டவர் வேதம் சொல்கிறார். அதிகாரத்தில் இருப்பவர் கேட்கிறார். சில ஆண்டுகளில் கேட்டவர் கையில் விலங்கு. தேவசகாயத்துக்கு விசுவாசம் தாய்மடியில் கிடைக்கவில்லை, மறைக்கல்வி வகுப்பிலும் கிடைக்கவில்லை. துக்கத்தில் இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒருவர் இருந்தார், அவ்வளவுதான். யோபுவைப் பார்க்க வந்த நண்பர்களும் முதலில் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்கு. மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயரில் திருமறையில் சேர்ந்தார். அதன்பின் தேவசகாயம் தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு பந்தியில் அமர்ந்து பழகினார். அந்தக் காலத்தில் இது சிறிய குற்றமில்லை. 1749-இல் கைது. அரசத் துரோகம் என்று பழி சுமத்தினார்கள். விசுவாசத்தின் பொருட்டே கொல்லப்பட்டார் என்று திருச்சபை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எருமைமேல் பின்முகமாக உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மறைசாட்சிகளின் கதையைச் சொல்லும்போது நாம் சாட்டையையும் காயத்தையும் எண்ணிக்கொண்டே போகிறோம். பிள்ளைகள் வீடு திரும்பும்போது அடித்தவர்களைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அடிபட்டவர் அந்த மூன்றாண்டுச் சிறையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால் விழிப்பார்கள். அவர் செபித்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்தவர்களிடம் பேசினார். அவரைத் தேடி வந்தவர்கள் பெருகிப்போனதே காவலர்களுக்குத் தலைவலியாக இருந்தது என்பார்கள். முட்டிடிச்சான் பாறையில் தாகத்தோடு செபித்து முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்தது என்ற மரபுச் செய்தியையும் அங்கேயே சொல்லி முடித்துக்கொண்டு ஆரல்வாய்மொழிக்குக் கிளம்பினோம்.

காற்றாடிமலைக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கணவாய் வழியே வரும் காற்று பேச்சைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போகிறது. கீழே கண்ணுக்கு எட்டிய மட்டும் காற்றாலைகள். மேலே, கல்லால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறை இருக்கிறது. மணியடிச்சான் பாறை என்கிறார்கள். மகளை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், “மக்களே, மெதுவாகத் தட்டு, அப்போதுதான் நன்றாகக் கேட்கும்” என்று சொல்லிக்கொடுத்தார். திருத்தலத்தில் என்ன விளையாட்டு என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். நான் சுளிக்கவில்லை. குழந்தைக்கு ஒரு புனித இடம் முதலில் கையில்தான் ஒட்டும்.

தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றது 1752 ஜனவரி 14 அன்று. அதற்கு முன் செபிக்கச் சற்று நேரம் கேட்டார் என்றும், மண்டியிட்ட இடத்தில் முழந்தாளும் முழங்கையும் பதிந்தன என்றும் சொல்லி ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். அதைத் தடவிப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: “அவ்வளவு செபித்தாரே, சாமி ஏன் விடுவிக்கவில்லை?”

அப்போஸ்தலர் காலத்திலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. திருத்தூதர் பணிகள் 12-ஆம் அதிகாரத்தில் ஏரோது யாக்கோபுவை வாளால் கொல்கிறான். அதே அதிகாரத்தில் பேதுருவின் சங்கிலிகள் கழன்று விழுகின்றன, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. ஒருவர் செத்தார், ஒருவர் தப்பினார். ஏன் என்று அந்நூலை எழுதிய லூக்கா விளக்கவே இல்லை. பேதுருவுக்காக மன்றாடிக்கொண்டிருந்தவர்களே, அவர் வந்து கதவைத் தட்டியபோது நம்பவில்லை; செய்தி சொன்ன பணிப்பெண்ணைப் பைத்தியம் என்றார்கள். இந்த இடத்தில் மகள் சிரித்தாள். கெத்சமனியில் துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று மன்றாடிய இயேசுவுக்கும் அது அகலவில்லை என்று சொன்னபோது சிரிப்பு நின்றது. விளக்கம் கொடுத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. கேள்விக்குத் துணையாகச் சிலரைக் காட்டினேன், அவ்வளவே.

அதுவரை பேசாமலிருந்த மகன் இப்போது வாய் திறந்தான். பதின்பருவம் வந்ததிலிருந்து அவன் பேச்சு அளந்துதான் வரும்.

“அம்மா, இவர் தன் அப்பா அம்மாவின் சாமியை விட்டு வந்தார். அதனால் புனிதர் என்கிறோம். நான் நம்முடையதை விட்டுப் போனால் நீ என்ன செய்வாய்?”

என் கணவர் காற்றாலைகளை மும்முரமாகப் பார்க்கத் தொடங்கினார்.

“அழுவேன். உனக்காகச் செபிப்பேன். வழக்கம்போலச் சோறு போடுவேன்.”

“தடுக்க மாட்டாயா?”

“மார்த்தாண்ட வர்மாவிடம் படையே இருந்தது. அவராலேயே முடியவில்லை.”

விளையாட்டாகச் சொன்னதுபோல் இருந்தாலும் அதை முழு மனத்தோடுதான் சொன்னேன். சமய நம்பிக்கையில் யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிக்கையே வெளியிட்டது. அரசர்களுக்குச் சொன்னது அம்மாக்களுக்குப் பொருந்தாதா? அதற்காக, எதையும் சொல்லித்தராமல் வளர்ந்தபின் அவனே தேர்ந்துகொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொள்கிற பெற்றோரோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்கு எடுத்துச்சொல் என்று விவிலியத்தின் இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. சொல்லாத ஒன்றை அவன் எப்படித் தேர்வான், எப்படித் தள்ளுவான்? மாலையில் எல்லோரும் செபமாலைக்கு உட்கார வேண்டும் என்ற வீட்டு ஒழுங்கை நான் தளர்த்தப்போவதில்லை. ஒழுங்கு எங்கே முடிகிறது, வற்புறுத்தல் எங்கே தொடங்குகிறது என்பது சில மாலைகளில் எனக்கே தெளிவாக இருப்பதில்லை. அந்தத் தடுமாற்றத்தையும் செபத்தில்தான் வைக்கிறேன்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குப் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. 2012-இல் அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராகவும் தேவசகாயம் உயர்த்தப்பட்டார்; புனிதர் பட்டத்தின்போது அவர் பெயரிலிருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிட்டார்கள். இறைமக்கள் கேட்டுப் பெற்ற மாற்றம் அது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லத்தான் வேண்டும், சொன்னேன். கல்லறை முன் மகள் நெடுநேரம் முழந்தாளிட்டாள். மகன் தூணோரம் நின்றான். உள்ளுக்குள் என்ன பேசினானோ, நான் கேட்கவில்லை.

இப்போது வீட்டில் அவன் யோபு நூலைத் தானாகவே எடுத்துப் படிக்கிறான். மாலைச் செபத்துக்குப் பிறகு வாதத்துக்கு வருகிறான். யோபுவின் நண்பர்கள் நீட்டி முழக்கும் அதிகாரங்கள் அலுப்பாக இருக்கின்றன என்றான். எனக்கும் அப்படித்தான் என்றேன். கடவுள் பேசத் தொடங்கும் 38-ஆம் அதிகாரத்துக்கு நேராகத் தாவிப் போகலாமா என்று கேட்டான். போகலாம், ஆனால் யோபு அங்கே தாவிப் போகவில்லை என்றேன். முணுமுணுத்துக்கொண்டே 15-ஆம் அதிகாரத்தைத் திறந்தான்.