யுனைடெட்டைச் சரித்தது யார்?

இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட் தோற்கும்போதெல்லாம் மேனேஜரை மட்டும் திட்டுவதைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. 2013-இல் நீண்டகால மேனேஜர் ஃபெர்குசன் ஓய்வுபெற்றபோதே தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகினார். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வீரர்களை வாங்கும் பொறுப்பு, வங்கித்துறையிலிருந்து வந்த எட் உட்வர்டிடம் போனது. வீரர் தேர்வைக் கவனிக்கும் கால்பந்து இயக்குநர் என்று ஒருவரை நியமிக்கவே 2021 ஆகிவிட்டது! அதற்குள் மோயஸ், வான் கால், மொரீனியோ என்று மாறிமாறி வந்த மேனேஜர்களுக்கு ஆளுக்கொரு பாணி. ஒருவருக்காக வாங்கிய வீரர் அடுத்தவருக்குப் பொருந்தவில்லை. 2005-இல் கிளப்பை வாங்குவதற்காகப் பட்ட கடனையும் உரிமையாளரான கிளேசர் குடும்பம் கிளப்பின் தலையிலேயே கட்டியது.

சரி, பின்னால் மேனேஜராக வந்த அமோரிம் பிடிவாதக்காரர்தான், மறுக்கவில்லை. 2024-25 சீசனில் பிரீமியர் லீக்கில் 15-ஆம் இடத்துக்கு இறங்கியதில் அவருக்கும் பங்குண்டு. ஆனால் சீசன் முடிந்து வருகிறேன் என்றவரை நடுவிலேயே இழுத்துவந்தது நிர்வாகம்தானே?