நட்சத்திரம் இல்லாத நட்சத்திரம்
கன்னி விண்மீன் மண்டலத்தில் 3சி 273 என்று ஒரு புள்ளி, பார்த்தால் சாதாரண நட்சத்திரம்தான். 1963-இல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டை) வைத்துக்கொண்டு குழம்பி, அப்புறம்தான் பிடித்தார்: எல்லாம் நமக்குத் தெரிந்த ஹைட்ரஜன் கோடுகள், 16 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. பிரபஞ்சம் விரிவதால், நகர்வு கூடக் கூடத் தூரமும் கூடும். அதாவது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால்! அவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிற இது நட்சத்திரமே இல்லை, குவாசார்: ஒரு விண்மீன் திரளின் நடுவே வாயுவை விழுங்குகிற ராட்சதக் கருந்துளை.

கருந்துளைக்கு ஏது வெளிச்சம் என்பீர்கள். சரிதான், அதற்கு இல்லை. உள்ளே போகிற வாயு நேராக விழாமல் தட்டு மாதிரி சுழன்று, ஒன்றோடொன்று உரசிச் சூடாகி ஜொலிக்கிறது (எரிகிறது என்று எழுதப்போனேன், தப்பு). ஹைட்ரஜன் இணைவில் நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகும், இங்கே சுமார் 10 சதவீதம். 3சி 273 எட்டு அங்குலத் தொலைநோக்கியில் தெரியுமாம், மாடியில் மூன்று ராத்திரி தேடியும் எனக்குச் சிக்கவில்லை.