செஸ்னாவில் கிங் ஷாகாவுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குச் சின்ன விமானத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியுள்ள வர்ஜீனியா நிலையத்தில்தான் இறங்குவார்கள். நம் அளவு விமானங்களுக்கென்றே உள்ள இடம், கட்டணமும் கட்டுப்படியாகும். நானும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன். இந்த முறை அக்காவும் அத்தானும் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம், துபாய் வழியாக நேராக டர்பன் கிங் ஷாகா பன்னாட்டு விமான நிலையத்துக்கே வருகிறார்கள். நான் இருப்பது இதே நாட்டில் உள்ள நியூகாசில் என்ற ஊரில். காரில் போனால் நான்கு மணி நேரம் ஆகிவிடும். அதில் பாதி, என்3 நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால். "நீதான் பிளேன் ஓட்டுறியே, அதுலயே வந்து கூட்டிட்டுப் போயேன்" என்று அக்கா போனில் சொன்னாள். எனக்கும் ரொம்ப நாளாக அந்த ஆசை உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனியார் விமானி உரிமம், வானொலிச் சான்றிதழ், ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும், ஒழுங்காக வேலை செய்யும் டிரான்ஸ்பாண்டர், இவை இருந்தால் பெரிய விமான நிலையத்துக்குள் போக நமக்குத் தடை ஒன்றும் இல்லை. தடையெல்லாம் நேரத்தில்தான். 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் சற்று முன், மே 1 அன்று, திறக்கப்பட்ட நிலையம் கிங் ஷாகா. ஓடுபாதையின் நீளம் 3,700 மீட்டர். ஆனால் இருப்பது ஒரே ஒரு ஓடுபாதை. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்தும் கேப் டவுனிலிருந்தும் வரும் போயிங்குகளும் ஏர்பஸ்களும் அதில்தான் இறங்குகின்றன, அதில்தான் ஏறுகின்றன. அவற்றுக்கு நடுவே, அவற்றின் பாதி வேகத்தில், நாம் நுழைய வேண்டும்.

அதனால் ஸ்லாட், அதாவது நமக்கென்று ஒதுக்கிய நேரம், வாங்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் வான்போக்குவரத்தைக் கவனிக்கும் ஏ.டி.என்.எஸ். நிறுவனத்தில் காமு என்றொரு பிரிவு இருக்கிறது. பெரிய நிலையங்களில் எந்த நேரத்தில் யார் இறங்குவது என்பதைப் பிரித்துக் கொடுப்பது அவர்கள். அவர்களுக்கு எழுதிப் போட்டேன். கேட்ட நேரம் கிடைக்கவில்லை, அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு நேரம் கொடுத்தார்கள். நேரங்கள் எல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் வரும். இங்கே நம் கடிகாரம் அதைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்த நேரத்தைக் காகிதத்தில் இரண்டு கணக்கிலும் பெரிதாக எழுதி ஒட்டிக்கொண்டேன். அப்புறம் ஃபைல்-டு-ஃப்ளை இணையதளத்தில் ஃப்ளைட் பிளான் பதிந்தேன். நியூகாசில் மாதிரி அமைதியான இடத்திலிருந்து பறப்பவர்களுக்கு நினைத்தபோது கிளம்பும் பழக்கம் இருக்கும். இங்கே அது நடக்காது. நம் நேரத்துக்கு முன்னும் பின்னும் வேறு யாரோ இருக்கிறார்கள்.

அடுத்தது தரைப்பணி. பெரிய நிலையத்தில் விமானத்தை நிறுத்திவிட்டு நாமாக நடந்து வெளியே போக முடியாது. பார்க்கிங் இடம், விமானங்கள் நிற்கும் ஏப்ரனிலிருந்து வெளியே வர வண்டி, திரும்பி வரும்போது பாதுகாப்புச் சோதனை எல்லாவற்றுக்கும் ஒரு தரைப்பணி நிறுவனத்தை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். பளிச்சென்று தெரியும் மேற்சட்டை ஆளுக்கு ஒன்று விமானத்திலேயே இருக்கட்டும். இறங்கு கட்டணம் விமானத்தின் எடையைப் பொறுத்தது என்பதால் நமக்கு வருவது பெரிய தொகை இல்லை. தரைப்பணிக் கட்டணம்தான் கனமாக இருந்தது. எரிபொருளையும் அங்கே எதிர்பார்த்துப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். ஜெட்டுகள் குடிப்பது ஜெட் ஏ-1, நமக்கு வேண்டியது அவ்காஸ் என்ற விமானப் பெட்ரோல். நான் ஓட்டும் செஸ்னா 172எஸ் விமானத்தின் தொட்டியை நிரப்பினால் பயன்படுத்தக்கூடியது 53 கேலன். மணிக்கு எட்டு, ஒன்பது கேலன் என்று வைத்தாலும் போக வரப் போதும், மிச்சமும் இருக்கும்.

எடைக் கணக்குதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இந்த விமானத்தின் உச்ச எடை 1,157 கிலோ. வெறும் விமானத்தையும் எரிபொருளையும் கழித்தால் ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் மிஞ்சுவது சுமார் 240 கிலோ. ஊரிலிருந்து வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று நமக்குத் தெரியாதா? ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோவைத் தொட்டு நிற்கும். பின்னால் சாமான் வைக்கும் இடத்துக்கும் 54 கிலோ என்று தனி வரம்பு உண்டு. அக்காவிடம் முன்பே சொல்லிவிட்டேன்: ஒரு கைப்பை மட்டும் என்னோடு, மற்றவை சாலை வழியாக.

சாலை வழிக்கு ஆள் தயாராக இருந்தார். எனக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த அண்ணன் டோங்காட்டில் பிறந்தவர். விமான நிலையம் இருக்கும் லா மெர்சிக்குப் பக்கத்து ஊர் அது. அவருடைய பாட்டி அந்தப் பகுதிக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தவர். 1860-இல் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதல் கூலிகள் டர்பனில் வந்து இறங்கிய பிறகு, இந்தக் கரையோரம் முழுவதும் நம் ஆட்கள் வெட்டிய கரும்புதான். போகும்போது அவர் என்னுடன் வலது இருக்கையில் வருவார். திரும்பும்போது தன் தங்கை வீட்டுக் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வருவார். அப்படித்தான் ஏற்பாடு.

கிளம்புவதற்கு முந்தைய சில மாலைகளில் அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். அவர் கட்டுப்பாட்டு டவர், நான் விமானம். ஓடுபாதையையும் நிறுத்துமிடத்தையும் இணைக்கும் டாக்ஸிவேக்களின் வரைபடத்தைப் பார்க்காமல் வரையச் சொன்னார். "அண்ணே, கேட்டா சொல்லிக் கொடுப்பாங்களே?" என்றேன். "கேக்கலாம், தப்பே இல்ல. ஆனா கேக்குற நேரத்துல அவங்க வேற நாலு பேரோட பேசணும். நீ தெரிஞ்சுக்கிட்டு வந்தா அவங்களுக்கு அந்த நேரம் மிச்சம்" என்றார். எனக்கு இந்த வேலையே அப்போதுதான் புரிந்தது. கட்டுப்பாட்டாளர்களுக்குச் சின்ன விமானங்கள் மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது. அடுத்து நாம் என்ன செய்வோம் என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும். சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும், முடியாததை உடனே 'அனேபிள்' என்று சொல்லிவிட வேண்டும், நீட்டி முழக்கக் கூடாது.

பறந்த நாள் பிப்ரவரியில், வானம் தெளிவாக இருந்தது. நியூகாசில் கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல். வெயிலில் ஏற்றம் மெதுவாகத்தான் இருந்தது. 7,500 அடியில் டண்டீயைத் தாண்டி, துகேலா ஆற்றின் பள்ளத்தாக்கைக் குறுக்கே கடந்து, கிரான்ஸ்காப் பக்கம் வந்ததும் தூரத்தில் கடல் தெரிந்தது. அங்கிருந்து நிலம் படிப்படியாகச் சரிகிறது, பச்சை கூடுகிறது.

டர்பனில் காற்று பெரும்பாலும் இரண்டே திசைதான், வடகிழக்கு அல்லது தென்மேற்கு. ஓடுபாதை 06/24 (06 வடகிழக்கு நோக்கி, 24 தென்மேற்கு நோக்கி) அதற்கு ஏற்றபடி போடப்பட்டது. ஆனால் வடகிழக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே கரையோரத் தாழ்வழுத்தம் கடந்து, தென்மேற்குக் காற்று சடாரென்று பாய்ந்து வருவது உண்டு. இங்குள்ளவர்கள் அதை பஸ்டர் என்பார்கள். அது வந்தால் ஓடுபாதையின் திசையே மாறும், நாம் மனதில் போட்டு வைத்த படமெல்லாம் தலைகீழாகும். அதனால் இரண்டு திசைக்கும் படம் போட்டு வைத்திருந்தேன். நிலையத்தின் வானிலை, ஓடுபாதைத் தகவல் ஒலிபரப்பான ஏடிஸைக் கேட்டபோது 06 என்று வந்தது. நிலையத்தை நெருங்கும் விமானங்களைக் கவனிக்கும் அப்ரோச்சை அழைப்பதற்கு முன்பே அந்தத் தகவலின் எழுத்து, கியூஎன்எச் (உயரமானியைச் சரிசெய்யும் காற்றழுத்த அளவு), எங்கே இருக்கிறேன், என்ன உயரம், என்ன வேண்டும் எல்லாம் தொடைப்பலகையில் ஒரு வரியாக எழுதியிருந்தது. அதைப் பார்த்தே படித்தேன். கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழைய அனுமதி வார்த்தையாக வரும்வரை வெளியேதான் நிற்க வேண்டும். பதில் கொடுத்தார்கள் என்பதே அனுமதி ஆகிவிடாது.

டோங்காட்டுக்கு வடக்கே வட்டமிடச் சொன்னார்கள். சுற்றும்போது ஜன்னலுக்குக் கீழே கரும்பு, சிவப்பு மண் பாதைகள், நடுவே ஒரு கோயில் கோபுரம். அண்ணன் கையை நீட்டித் தன் பள்ளிக்கூடத்தைக் காட்டினார். பிறகு இடதுபுற டவுன்விண்டில், அதாவது ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் பகுதியில், சேர அனுமதி வந்தது. ஓடுபாதை இடது இறக்கைக்குக் கீழே, அதற்கு அப்பால் இந்தியப் பெருங்கடல். எங்களுக்கு முன்னால் ஒரு போயிங் 737 இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் இன்னொன்று வருகிறது என்றும் சொன்னார்கள். "இரண்டு மைல் வரை 110 நாட் வேகத்தில் வர முடியுமா?" என்று டவர் கேட்டது. முடியும் என்றேன். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்.

இதை ஒத்திகை பார்த்திருந்தோம். வழக்கமாக நான் இறங்குவது 65 நாட்டில். பெரிய நிலையத்தில் ஐந்து மைல் தூரத்திலேயே அந்த வேகத்துக்கு வந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி அடைபடும். இந்த விமானத்தில் 110 நாட்டில் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃப்ளாப்பை முதல் பத்து டிகிரி இறக்கலாம்; முழு ஃப்ளாப்புக்கு 85-க்குக் கீழே வர வேண்டும். இரண்டு மைலில் சக்தியைக் குறைத்து மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் வேகம் தானாக விழும். ஓடுபாதை நீளமாக இருப்பதால் அவசரமே இல்லை.

ஆனால் முன்னால் போன ஜெட்டின் சுழற்காற்றை ஒரு கணமும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு இறக்கை நுனியிலிருந்தும் ஒரு காற்றுச் சுழல் கிளம்பி, அந்த விமானம் வந்த பாதைக்குக் கீழே மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். அதில் மாட்டினால் நம் விமானத்தைக் கவிழ்த்துவிடும். நடுத்தர எடை விமானத்துக்குப் பின்னால் இறங்கும் இலகு விமானத்துக்கு ஐந்து கடல்மைல் இடைவெளி என்பது சர்வதேச விதி. போயிங் 777 போன்ற கனரக விமானம் என்றால் ஆறு. இடைவெளி மட்டும் போதாது, உயரமும் வேண்டும். முன்னால் போனதன் பாதைக்கு மேலேயே இருந்து, அதன் சக்கரம் தொட்ட இடத்தைத் தாண்டித்தான் நாம் தொட வேண்டும். வெருலம் பக்கம் திரும்பி நேர்கோட்டுக்கு வந்தபோது 737-இன் சக்கரத்திலிருந்து புகை எழுந்த இடத்தை அண்ணன் விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். சரியான உயரத்தில் வருகிறோமா என்று காட்டும் பாப்பி விளக்குகளில் மூன்று வெள்ளை, ஒரு சிவப்பு என்று வைத்து, சற்று உயரமாகவே வந்து, அந்த இடத்துக்கு அப்பால் தொட்டேன். பிரேக்கை அழுத்தி நடுவில் நிற்காமல் ஓடவிட்டு, சொன்ன டாக்ஸிவேயில் வெளியேறி, ஓடுபாதையின் எல்லைக் கோட்டைத் தாண்டி நின்ற பிறகுதான் ஃப்ளாப்பில் கை வைத்தேன். பின்னால் வந்த ஜெட் அதற்குள் ஓடுபாதையைத் தொட்டுவிட்டது.

பார்க்கிங்கில் ஒரு மார்ஷலர் இரண்டு கைகளையும் உயர்த்தி எங்களை இடத்தில் நிறுத்தினார். வண்டி தயாராக இருந்தது. பேசி வைத்ததன் பலன்.

மதியமே இறங்கியதற்கு இன்னொரு காரணம் குருவிகள். 06-க்கு வரும் வழியில் மவுண்ட் மோர்லேண்ட் என்ற சிற்றூரின் நாணல் சதுப்பில், இந்த நாட்டுக் கோடைக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வரும் தகைவிலான்கள் அடைகின்றன. விமான நிலையம் கட்டும்போது 30 லட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அவற்றுக்காகவே பறவை ரேடார் ஒன்று வைத்தார்கள். சூரியன் மறையும் நேரத்தில் கூட்டமாகச் சுற்றி நாணலுக்குள் விழும். அந்த நேரத்தில் அந்த வழியாக வர எனக்கு மனமில்லை. அந்தக் குருவிகளுக்கும் அங்கே உரிமை உண்டு.

அக்காவும் அத்தானும் சாயங்காலம் வந்தார்கள். எனக்கு இரவில் பறக்கும் தகுதி இல்லை, அதனால் அன்று டோங்காட்டில் அண்ணனின் தங்கை வீட்டில் தங்கினோம். காலையில் பாதுகாப்புச் சோதனை, மேற்சட்டை, வண்டி. அத்தான் செஸ்னாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்ள, கதவு சரியாப் பூட்டிக்கிடுமா?" என்று கேட்டார். பூட்டிக் காட்டினேன்.

புறப்படும்போது ஓடுபாதையின் பாதியிலிருந்து கிளம்பச் சம்மதமா என்று டவர் கேட்டது. அங்கிருந்தே 1,800 மீட்டருக்குக் குறையாது, எங்களுக்குத் தாராளம். ஆனால் ஜெட் போன பிறகு அதே முனையிலிருந்து கிளம்பினால் இரண்டு நிமிடம் காத்திருந்தால் போதும். நடுவிலிருந்து என்றால் மூன்று. மூன்று நிமிடத்தையும் வாங்கிக்கொண்டேன். அவர்கள் மறுக்கவில்லை.

பெட்டிகள் மாலையில் வந்து சேர்ந்தன. திரும்பிப் போகும்போதும் என்னோடுதான் வருவேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். காமுவுக்கு எழுதியாயிற்று, மதிய நேரம் கேட்டிருக்கிறேன்.