சூடானால் நிற்கும் வண்டி

காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கும். முப்பது கிலோமீட்டர் நன்றாக ஓடும். பிறகு ஏதோ ஒரு சிக்னலில் ஆஃப் ஆகிவிடும். செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. அரை மணி நேரம் பானட்டைத் திறந்து வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். பட்டறை வாசலுக்கு வரும்போது அதில் ஒரு குறையும் தெரியாது. பழைய கார் வேலையில் வண்டிக்காரர்களின் பணம் அதிகம் வீணாவது இந்தப் புகாரில்தான். காயில், பிளக், பம்ப், கார்புரேட்டர் கிட் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவார்கள். எதை மாற்றினாலும் வண்டி அன்று மாலை ஓடும், ஏனென்றால் அதற்குள் ஆறியிருக்கும். நான்காம் நாள் மறுபடியும் மேம்பாலத்தின் நடுவில் நிற்கும்.

ஆறிய வண்டியில் இந்தக் குறையைத் தேடுவது வீண். நின்ற பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் வரைதான் சாட்சி உயிரோடு இருக்கும். அதற்குள் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: கரண்ட் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா. இந்த இரண்டு பதிலும் இல்லாமல் ஒரு பாகத்தைக்கூட மாற்றக் கூடாது.

அதற்கு முன் ஓட்டுநரிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நின்றதா? பெரும்பாலும் மின்சாரப் பக்கம். நாலைந்து முறை குலுங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தும் இழுக்காமல் திணறி நின்றதா? பெட்ரோல் பக்கம். ஓடும்போது ஒன்றுமில்லை, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஐடிலுக்கு வரும்போது மட்டும் ஆஃப் ஆகிறது என்றால் கார்புரேட்டரின் ஐடில் சோலினாய்டு, வேக்வம் ஓஸ், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியானால் கரி படிந்த ஐடில் வால்வ் என்று தேடும் இடமே மாறிவிடும். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, மறுபடி ஸ்டார்ட் ஆக இரண்டு நிமிடம் பிடித்ததா நாற்பது நிமிடம் பிடித்ததா, டெம்பரேச்சர் முள் எங்கே நின்றது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். முள் சிவப்பைத் தொட்டிருந்தால் அது வேறு வேலை: கூலன்ட், பேன், தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கெட். இங்கே பேசுவது முள் நடுவில் இருக்கும்போதே நிற்கும் வண்டியைப் பற்றி.

முதலில் கரண்ட். சூடு இறங்கினால் முதலில் சரியாகிவிடுவது அதுதான். கூடவே ஒரு நல்ல பிளக்கை எடுத்துப் போய், பிளக் ஒயரில் மாட்டி, அதன் உடலை இன்ஜின் பிளாக்கில் அழுத்தி வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். நீல நிறத்தில் 'டக் டக்'கென்று வந்தால் சரி. மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் அதுவே குறை. ஒயரைத் தொங்கவிட்டுச் சோதிக்கும் பழைய பழக்கம் எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டிகளில் கூடாது, காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் இக்னைட்டர் போய்விடும். பெட்ரோல் கசிவு இருக்கும் இடத்தில் எந்த வண்டியிலும் கூடாது. பிறகு பெட்ரோல். ஏர் கிளீனர் மூடியைக் கழற்றி, இன்ஜினை ஆஃப் செய்தபடியே ஆக்சிலரேட்டரை ஒருமுறை இழுத்துவிட்டுக் கார்புரேட்டர் தொண்டைக்குள் பார்க்க வேண்டும். மெல்லிய தாரை பீய்ச்சினால், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. ஒன்றும் வராவிட்டால் கிண்ணம் காலி.

கரண்ட் இல்லையென்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது, பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் காயிலில். சரிதான், ஆனால் அளக்கத் தெரிந்து அளக்க வேண்டும். பாயிண்ட் (காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த 12 வோல்ட் வண்டிகளில் பாலஸ்ட் (கரண்டை மட்டுப்படுத்தும் தனித் தடை) இல்லாத காயிலின் பிரைமரிச் சுற்று சுமார் 3 ஓம் காட்டும், பாலஸ்ட் ரெசிஸ்டருடன் வேலை செய்யும் காயில் சுமார் 1.5 ஓம். செம்பு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் தடை கூடும். 30 டிகிரியில் 3 ஓம் காட்டிய காயில் 90 டிகிரியில் 3.7 காட்டினால் அது இயல்பு. அதைப் பார்த்துக் காயில் போச்சு என்று தூக்கிப் போடுவது தவறு. அளவு நிலையில்லாமல் குதித்தாலோ, மீட்டர் முழுதாகத் திறந்த சர்க்யூட் காட்டினாலோதான் காயில் குற்றவாளி.

இதைவிட அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. பாலஸ்ட் வேண்டிய 1.5 ஓம் காயிலை, பாலஸ்ட் இல்லாத பழைய அம்பாசிடரிலோ பத்மினியிலோ மாட்டிவிடுவார்கள். கடையில் கிடைத்தது, ஃபிட் ஆனது, வண்டியும் முன்பைவிட நன்றாகவே ஸ்டார்ட் ஆனது. ஆனால் 4 ஆம்பியர் போக வேண்டிய பாயிண்டில் 8 ஆம்பியர் போகிறது. காயில் கை வைக்க முடியாத அளவு சுடும், பாயிண்ட் கருகும், முக்கால் மணி நேரத்தில் வண்டி நிற்கும். புதுக் காயில் மாட்டிய பிறகு ஆரம்பித்த குறை என்றால் ஓம் மீட்டரை முதலில் எடுங்கள்.

பாயிண்டில் தீப்பொறியைத் தடுக்கும் கண்டென்சரும் சூட்டில் ஒளிந்துகொள்ளும் பாகம். 0.20 முதல் 0.25 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டியது, சூடானதும் உள்ளே கசிந்து பாயிண்டில் தீப்பொறி பறக்க வைக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து செல்ஃப் அடிக்கும்போது பாயிண்டில் பளிச்சென்று தெரிந்தால் அதுதான். மாற்றும்போது பாயிண்ட் இடைவெளியை 0.4 மி.மீ. அளவில் வையுங்கள். எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் இக்னைட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தும் வெள்ளைப் பசை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழற்றி மாட்டியவர் அதைத் துடைத்துவிட்டுப் பசை போடாமல் விட்டால், இக்னைட்டர் தன் சூட்டிலேயே செத்துச் செத்துப் பிழைக்கும். இவை எல்லாவற்றுக்கும் முன்பு காயிலின் பாசிட்டிவ் முனையில் வோல்ட் அளப்பது நல்லது. பேட்டரியில் இருப்பதைவிட அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், தேய்ந்த இக்னிஷன் சுவிட்சோ பச்சைப்பூத்த கனெக்டரோதான் நடுவில் சூடாகிக்கொண்டிருக்கிறது. பாலஸ்ட் வண்டியில் இந்த அளவை பாலஸ்டுக்கு முன்னாலேயே எடுக்க வேண்டும்.

கரண்ட் நன்றாக இருந்து கிண்ணம் காலியென்றால் நம் ஊரில் 'ஏர் லாக்' என்று சொல்லும் சங்கதி. உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்றல்ல, பெட்ரோல் ஆவி. பெட்ரோலின் இலகுவான பகுதி 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். இன்ஜினில் மாட்டிய மெக்கானிக்கல் பம்ப் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சித்தான் எடுக்கிறது, உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். அதனால்தான் பம்புக்கு முன்னால் இருக்கும் அடைபட்ட பில்டர், மடங்கிய ஓஸ் இரண்டும் இந்தக் குறையைப் பல மடங்கு கூட்டுகின்றன. வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாத வெடித்த ஓஸ், உள்ளே காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போதோ கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ இது அதிகம் வருவதற்கும் காரணம் உண்டு. இன்ஜினுக்கு முழு வேலை, எதிர்க்காற்று குறைவு, உயரம் கூடக்கூடக் கொதிநிலையும் இறங்கும்.

பம்ப் மேல் ஈரத்துணி போடும் பழைய வழக்கத்தைக் குறைவாக எண்ண வேண்டாம். அது நல்ல சோதனை. துணி போட்ட மூன்று நிமிடத்தில் வண்டி பிடித்தால் குறை பெட்ரோல் பாதையில் என்று உறுதி. ஆனால் அதுவே வைத்தியமாகாது. குழாயைச் சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கிளிப் போடுவது, கழற்றி எறியப்பட்ட தகரத் தடுப்பை மறுபடி மாட்டுவது, பில்டரையும் ஓஸையும் மாற்றுவது, இவைதான் வைத்தியம். ஓஸ் வாங்கும்போது எத்தனால் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். இன்று பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் உப்பி இளகிவிடுகிறது, பம்பின் டயஃப்ரமும் அப்படித்தான்.

பிளக்கைக் கழற்றினால் அது நனைந்திருக்கிறதா? அப்படியானால் கதை நேர் எதிர். வண்டியை நிறுத்திய பின் தண்ணீர் ஓட்டமும் காற்றும் நின்று, பானட்டுக்குள் சூடு பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போகும். கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து இன்டேக் மேனிஃபோல்டில் வழியும். டீ குடித்துவிட்டு வந்து செல்ஃப் அடித்தால் பிடிக்காதது இதனால்தான். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி, விட்டுவிட்டு மிதிக்காமல், செல்ஃப் கொடுத்தால் கிளம்பும். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே தடித்த பேக்கலைட் பேக்கிங் இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது அதற்குப் பதில் வெறும் காகிதக் கேஸ்கெட் வெட்டிப் போட்டிருந்தால், கார்புரேட்டரை எத்தனை முறை டியூன் செய்தாலும் பயனில்லை.

டேங்க் மூடியை மறக்கக் கூடாது. காற்றுத் துளை அடைந்திருந்தால் அரை மணி நேர ஓட்டத்தில் டேங்குக்குள் வெற்றிடம் சேர்ந்து பெட்ரோல் வருவது நின்றுவிடும். நின்ற உடனே மூடியைத் திறந்து 'உஸ்' சத்தம் வருகிறதா என்று கேட்டால் போதும், செலவே இல்லாத சோதனை.

2000 வாக்கில் வந்த எம்பிஎஃப்ஐ மாருதி 800 போன்ற வண்டிகளில் ஏர் லாக் அபூர்வம். பம்ப் டேங்குக்குள் இருக்கிறது, குழாயில் 3 பார் அளவில் அழுத்தம் நிற்கிறது, அழுத்தத்தில் பெட்ரோல் எளிதில் கொதிக்காது. இந்தத் தலைமுறையில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை, இன்ஜின் சுற்றுவதைக் கண்டறியும் கிராங்க் சென்சாரும் பம்புக்குக் கரண்ட் விடும் ரிலேயும். ஆர்பிஎம் மீட்டர் உள்ள வண்டியில் செல்ஃப் சுற்றும்போது முள் கொஞ்சம்கூட அசையாவிட்டால் கிராங்க் சிக்னல் வரவில்லை என்று நினைக்கலாம். காயில் வகைச் சென்சாராக இருந்தால் நின்ற நிலையிலேயே ஓம் அளந்து, ஆறிய பின் மறுபடி அளந்து ஒப்பிடலாம். காந்தத்தை உணர்ந்து எலக்ட்ரானிக் சிக்னல் தரும் ஹால் வகையை ஓம் மீட்டரால் தீர்ப்புச் சொல்ல முடியாது, சிக்னலைத்தான் பார்க்க வேண்டும். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு மூன்று நொடி பம்ப் முனகும். அந்தச் சத்தம் வராவிட்டால் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே ஈயப் பற்று விரிசல் விட்டு, சூட்டில் விலகும் ரிலேக்கள் நிறைய. பம்புக்கு 12 வோல்ட் வந்தும் சத்தமில்லை என்றால் பம்ப். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் வண்டிகளில் இது சீக்கிரம் போகும், பம்பைக் குளிர்விப்பதே டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான்.

சாலையில் பிடிக்க முடியாத குறையைப் பட்டறையில் வரவழைக்கலாம். சந்தேகப்படும் பாகத்தின் மேல் மட்டும் முடி உலர்த்தும் டிரையரைக் காட்டி, இன்ஜின் ஓடும்போதே சூடேற்ற வேண்டும். நின்றால், அதே பாகத்தை ஈரத்துணியால் ஆற்றி மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். இப்படி மூன்று முறை நடந்தால் சந்தேகமில்லை. பெட்ரோல் குழாய்ப் பக்கம் டிரையர் போகவே கூடாது, தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆறட்டும் என்று சூடான பிளாக்கில் தண்ணீர் ஊற்றுவதோ ரேடியேட்டர் மூடியைத் திறப்பதோ வேண்டாம்.

கரண்டும் பெட்ரோலும் சரியாக இருந்தும் சூட்டில் மட்டும் பிடிக்காவிட்டால் கம்ப்ரஷனைச் சூடாகவே அளக்க வேண்டும். கேஸில் ஓடிய வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வ் சீட் தேய்ந்து, கிளியரன்ஸ் இல்லாமல் போய், சூடானதும் வால்வ் மூடாமல் நிற்கும்.

வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டாம். முன்பு நின்ற அதே சாலையில், அதே மதிய நேரத்தில், ஏசி இருந்தால் போட்டு, ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பானட்டைத் திறக்காமல் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டு ஒரே செல்ஃபில் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் இன்னொரு முறை அப்படியே செய்து, அதன் பிறகு பில் எழுதுங்கள்.