சோவெய்: முகமூடி அல்ல, தலை

மேற்கு ஆப்பிரிக்க முகமூடி என்றால் ஆண்கள் முகத்தில் கட்டிக்கொண்டு ஆடும் மரப்பலகைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். சியரா லியோனின் மெண்டே மக்களிடம் அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. அங்கே சாண்டே என்ற பெண்கள் சங்கத்தின் சோவெய்யை அணிந்து ஆடுவது பெண். செதுக்குவது மட்டும் ஆண். தலை முழுக்கக் கவிழ்த்துக்கொள்ளும் கூடு அது. உயரம் பெரும்பாலும் 35 முதல் 45 செ.மீ. மெண்டே மொழியில் அதன் பெயர் சோவோ-வுய், அதாவது சோவோ என்னும் நீர்த்தெய்வத்தின் தலை.

'பூந்து பிசாசு' என்று விலைச்சீட்டு தொங்கினால் குழம்ப வேண்டாம். பூந்து ஓர் இனத்தின் பெயரல்ல. டெம்னே, ஷெர்ப்ரோ மக்களிடையே இதே சங்கத்துக்கு வழங்கும் பெயர். வேடமிட்டு ஆடும் எந்த உருவத்தையும் சியரா லியோனின் பொதுப் பேச்சுமொழியான கிரியோவில் பிசாசு என்பார்கள், அவ்வளவுதான்.

கருங்காலி என்று சொல்லி விற்பது இன்னும் மோசம். கருங்காலியில் இவ்வளவு பெரிய கூடு செய்தால் அதைச் சுமந்து யார் ஆடுவது? எடை குறைந்த மென்மரத்தின் ஒரே துண்டில்தான் செதுக்குகிறார்கள். மரம் பச்சையாக இருக்கும்போதே வாச்சியால் வெளிவடிவம் எடுத்து, உள்ளே குடைந்து, கண், வாய், சடைகளைக் கத்தியால் தீர்ப்பார்கள். சொரசொரப்பான இலையால் தேய்த்து, இலைச்சாற்றால் கறுப்பேற்றி, பனையெண்ணெய் பூசினால் பளபளப்பு வரும். இப்போது ஷூ பாலிஷும் புழங்குகிறது. பச்சை மரம் வெட்ட எளிது. ஆனால் கூட்டின் சுவர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் சீராகக் காயாது, விரிசல் விடும். ஆகவே விரிசலை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது.

மூடிய சிறு வாய் இரகசியம் காப்பதற்கு. கழுத்து மடிப்புகளைச் செழுமை என்றும் சொல்வார்கள். சோவோ நீரிலிருந்து எழும்போது சூழும் அலைவளையங்கள் என்றும் சொல்வார்கள். இந்த அழகு சிறுமியரைப் பருவப்பெண்ணாக்கும் சடங்கோடு சேர்ந்தது; அந்தச் சடங்கில் பெண்ணுறுப்புச் சிதைப்பும் உண்டு என்பதை மறைத்துவிட்டு இதை ரசிப்பது சரியல்ல.

வாங்குவதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள். அடி வாய் வழியே தலை நுழைய வேண்டும். விளிம்பில், ஆடுபவள் உடலை மறைக்கும் கறுப்பு ராஃபியா பனைநார் கோக்கத் துளைகள் வேண்டும்; ஆடியதென்றால் நார் இழுத்து அவற்றின் ஓரம் தேய்ந்திருக்கும். உள்ளேயும் ஒரே சீராகக் கறுப்படித்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

பழுதான சோவெய்க்கும் ஊரில் வேலை உண்டு. கோண்டே என்ற கோமாளி அதை மாட்டிக்கொண்டு, கம்பீரமாக ஆடும் சோவெய்யைக் கேலி செய்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பாள்.