பாடம் அப்புறம், வேலை முதலில்: ஐம்பதைத் தாண்டியவர்களுக்கான மறுபயிற்சி

ஐம்பது வயதுக்கு மேல் வேலையிழந்தவர்கள் பலர் பாடத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான், அந்த வேலைக்குப் பக்கத்தில் யாருமே ஆள் எடுக்கவில்லை என்பது தெரியவருகிறது. மாற்றிச் செய்ய வேண்டும். தினமும் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள வேலை விளம்பரங்கள் இருபதை எடுங்கள். அவற்றில் கேட்கப்படும் திறன்களை ஒரு தாளில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வருபவற்றில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை அடித்துவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு மூன்றுதான். பல வருடம் கணக்கெழுதியவருக்கு முழுப் படிப்பு எதற்கு? இப்போது புழங்கும் மென்பொருளைப் பழகினால் போதும்.

சேருமுன் பயிற்சி மையத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: முன்பு படித்த அணிகளில் ஐம்பதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள்? எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்ற எண்ணைக் காட்டி மழுப்பினால் அங்கே சேராதீர்கள். வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்குபவர்கள், பயிற்சியில் சேர்ந்தால் அது நிற்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வகுப்பறையைவிட வேலையிடத்துப் பயிற்சியே இந்த வயதில் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் 55 வயதோ அதற்கு மேலோ ஆன, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுத் திட்டம் ஒன்று, பள்ளி, மருத்துவமனை, முதியோர் மையம் போன்ற இடங்களில் வாரத்துக்குச் சராசரியாக 20 மணி நேரம், குறைந்தபட்ச ஊதியத்தோடு வேலை பழக வைக்கிறது. இதில் விண்ணப்பத்தில் காட்டச் சமீபத்திய அனுபவமும், பரிந்துரைக்க ஒரு மேலாளரும் கிடைக்கிறார்கள். சான்றிதழால் இவை இரண்டையும் தர முடியாது.

கணினி வகுப்பு வீணாவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். மாணவர் திணறுகிறார், பயிற்றுநர் மௌஸை வாங்கித் தானே செய்துகாட்டுகிறார், மாணவர் புரிந்ததுபோல் தலையாட்டுகிறார். மறுநாள் ஒன்றும் நினைவில் இல்லை. பயிற்றுநர் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். கை மாணவருடையதாகவே இருக்கட்டும். இரட்டைச் சொடுக்கு வராவிட்டால் அமைப்புகளில் அதன் வேகத்தைக் குறைக்கலாம். இணையப் பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக்க கன்ட்ரோல் விசையோடு கூட்டல் குறி. முதல் வாரத்திலேயே நிஜமான இணைய விண்ணப்பம் ஒன்றை நிரப்ப வையுங்கள். கோப்பின் அளவு மீறுவது, கடவுச்சொல் மறப்பது, நிரப்பும்போதே நேரம் முடிந்து பக்கம் வெளியேறிவிடுவது என எல்லாத் தடங்கலும் அங்கேயே வந்துவிடும். பதில்களைத் தனிக் கோப்பில் எழுதி வைத்து ஒட்டும் பழக்கம், பக்கம் வெளியேறும் தொல்லைக்கு நல்ல மருந்து.

இன்னொன்று, பயிற்சியில் இருக்கும்போது வேலை தேடுவதைப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இதனால் வேலையில்லாத காலம்தான் நீள்கிறது. வாரத்தில் ஒரு காலைப் பொழுதை விண்ணப்பங்களுக்கென்றே கால அட்டவணையில் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். பொருத்தமான வேலை நடுவில் வந்தால், மீதிப் பாடத்தை மாலையில் முடிக்க மையம் அனுமதிக்குமா என்பதையும் சேரும் நாளிலேயே பேசிவிடுங்கள்.