அடுப்படியிலேயே முடிந்த காலை: கம்போடியாவின் பிரெயா டாக் கிராமம்

முதலில் அந்த டுக்-டுக் ஓட்டுநர் விவகாரத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் கட்டுரை முழுக்க அந்த எரிச்சல் ஒட்டிக்கொண்டே வரும். சியெம் ரீப் நகரிலிருந்து பிரெயா டாக் கிராமத்துக்குப் போய், நான்கு மணி நேரம் காத்திருந்து, கூட்டி வர 15 டாலர் என்று முந்தின நாள் மாலையே பேசியிருந்தோம். விடுதி வாசலில் இறங்கியதும் 25 என்றார். ஏனாம்? "எல்லாரும் நாலு கோயில் பார்ப்பாங்க. நீங்க ஒரே இடத்துல நின்னுட்டீங்க. வெயிட்டிங் ஜாஸ்தி." நான் ஒரே இடத்தில் நின்றதில் அவருக்குப் பெட்ரோல்தான் மிச்சம். வாசலிலேயே பத்து நிமிடம் பேசி 18-க்கு முடித்தேன். கூடுதலாகப் போன மூன்று டாலர் என்பது கம்போடியக் காசில் 12,000 ரியல். அந்தக் கிராமத்தில் இரண்டு வேளை நன்றாகச் சாப்பிட்டிருக்கலாம்.

பட்ஜெட் ஏற்கெனவே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கோர் கோயில்களுக்கான மூன்று நாள் சீட்டு மட்டுமே 62 டாலர், நம் காசில் ஐயாயிரத்துக்கு மேல். விடுதியில் ஒட்டியிருந்த 'கிராமப் புகைப்பட நடை' விளம்பரத்தில் ஆளுக்கு 80 டாலர் போட்டிருந்தார்கள். நடப்பதற்கு எண்பது டாலரா? நானே நடந்துகொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

பந்தேய் ஸ்ரே கோயிலுக்குப் போகும் சாலையில்தான் பிரெயா டாக் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் வேன்கள் இங்கே ஐந்து நிமிடம் நின்று, பனஞ்சர்க்கரை வாங்கிக்கொண்டு பறந்துவிடும். நான் காலை ஆறரைக்குப் போய் இறங்கினேன். இறங்கியதும் கேமராவை எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனிப்படலம். ராத்திரி முழுக்க ஏசி அறையில் வைத்திருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் அப்படித்தான் ஆகும். கிளம்புவதற்கு அரை மணி முன்னால் பையோடு வராந்தாவில் வைத்திருக்க வேண்டும். இத்தனை வருடம் படம் எடுத்தும் அந்த ஒரு விஷயம் மட்டும் மண்டையில் ஏறவில்லை. நல்ல வெளிச்சத்தில் இருபது நிமிடம் லென்ஸைத் துடைப்பதிலேயே போனது.

சரி, படலம் விலகும்வரை சாப்பிடலாம் என்று சாலையோரம் உட்கார்ந்தேன். இந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்ததே நும் பன்ஜொக்தான். ஊறவைத்து அரைத்துப் புளிக்கவிட்ட அரிசி மாவைக் கொதிக்கிற தண்ணீரில் பிழிந்து எடுக்கிறார்கள். இடியாப்பத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று வையுங்கள். ஆனால் ஆவியில் வேகாததால் வழவழவென்று இருக்கும். மேலே எலுமிச்சைப்புல்லும் மஞ்சளும் அரைத்துவிட்ட மீன் குழம்பு, வாழைப்பூ, வெள்ளரி, இன்னும் பெயர் தெரியாத நாலைந்து பச்சிலைகள். கிண்ணம் 5,000 ரியல். முதல் வாயில் சப்பென்றுதான் தோன்றியது, காரமே இல்லை. பக்கத்தில் இருந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டதும் விஷயம் மாறிவிட்டது. இரண்டாவது கிண்ணமும் வாங்கினேன்.

அதற்குப் பிறகு ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் மெதுவாக நடப்பதுதான் திட்டம். நூறு மீட்டர்கூடத் தாண்டவில்லை. கால்களில் நிற்கிற ஒரு மரவீடு, அதன் அடியில் தூளி, தூளியில் ஒரு குழந்தை, பக்கத்தில் களிமண் அடுப்பு, அடுப்பின் மேல் அகன்ற வாணலி. காற்றில் வந்த வாசனையிலேயே கால் நின்றுவிட்டது. கருப்பட்டி!

எங்கள் ஆச்சி ஊர் உடன்குடிப் பக்கம். பதநீர் காய்ச்சுகிற அடுப்படியில்தான் எனக்குப் பள்ளி விடுமுறைகள் கழிந்தன. நமக்கு மாநில மரம் பனை, கம்போடியாவுக்குத் தேசிய மரமே பனைதான். மரம் ஒன்றுதான், கைப்பக்குவம் மட்டும் வேறு. நம் ஊரில் தளைநார் மாட்டிக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறுவார்கள். இங்கே கணுக்கிளைகளை விட்டு வெட்டிய மூங்கிலை மரத்தோடு சேர்த்துக் கட்டி, அதையே ஏணியாக்கி ஏறுகிறார்கள். புளிக்காமல் இருக்க நாம் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவோம், இவர்கள் மூங்கில் குழாய்க்குள் ஒரு மரத்தின் துண்டுகளைப் போடுகிறார்கள். நமக்குச் சிரட்டை அச்சு, அவர்களுக்குப் பனையோலை வளையம்.

அந்த வாணலியில் கிண்டிக்கொண்டிருந்த பாட்டிக்கு எழுபது இருக்கும். அங்கே பாட்டியை 'யேய்' என்று கூப்பிட வேண்டும். கைகூப்பி, மனப்பாடம் செய்து வைத்திருந்த "தொட் ரூப் பான் தே?" என்பதை ஒப்பித்தேன். படம் எடுக்கலாமா என்று அர்த்தம். பாட்டி தலையாட்டிவிட்டு வாணலிக்குத் திரும்பிவிட்டார். பாகு இறுகுகிற நேரம், நம்மைக் கவனிக்க ஏது பொழுது? மரக்கட்டையால் விடாமல் சுற்றிச் சுற்றிக் கிண்ட, பழுப்புப் பாகு வெளுத்துக் குழைந்து மணல் மணலாக மாறியது. ஓலைத் தடுக்கின் ஓட்டைகள் வழியாக வெயில் புகைக்குள் கோடுகோடாக இறங்கிக்கொண்டிருந்தது. 35 எம்எம் லென்ஸ் ஒன்றே போதுமாக இருந்தது. புகைக்குள் கேமராவின் ஆட்டோஃபோகஸை நம்பினால் தடுமாறும். கையால் திருப்பி, பாட்டியின் விரல்களில் நிறுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு வேன் வந்து நின்றது. வழிகாட்டி இரண்டு குழந்தைகளைப் பிடித்துப் பனைமரத்தடியில் நிறுத்தினார், ஆளாளுக்குக் கேமராவைத் தூக்கினார்கள், குழந்தைகள் கையில் மிட்டாய் திணிக்கப்பட்டது, வேன் போய்விட்டது. எல்லாம் நான்கு நிமிடம். மிட்டாய் கொடுத்துப் படம் எடுக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கொடுக்க மனசிருந்தால் சர்க்கரை வாங்குங்கள், ஒரு பொதி ஒரு டாலர்தான். நான் ஆறு வாங்கினேன். (விமான எடை? அது சென்னைக்குக் கிளம்புகிற நாளின் கவலை.)

கிண்டி முடித்ததும் பாட்டி எழுந்து மாடிக்குப் போனார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஆளைக் காணோம். பாட்டியின் மகளிடம் கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். "போட்டோவுக்கு" என்று சிரித்தார். பாட்டி இறங்கி வந்தபோது அடையாளமே தெரியவில்லை. வெள்ளை லேஸ் சட்டை, பட்டுச் சேலைத்துணி, கன்னத்தில் பவுடர். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை முற்றத்து வெயிலில் போட்டு, முழங்கால்மேல் கைவைத்து, பாஸ்போர்ட் படத்துக்குப் போல விறைப்பாக உட்கார்ந்தார். அதுவரை நான் எடுத்த புகையும் விரலும் அவர் கணக்கில் படமே இல்லை போல. வெயில் உச்சிக்கு ஏறி, கண்ணுக்குக் கீழே கன்னங்கரேலென்று நிழல். என்ன செய்ய, எடுத்தேன்.

ஊரின் மிச்சத்தைப் பார்க்கவில்லை. இந்த வட்டாரத்துக்குப் போகிறவர்கள் ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆள் நடமாட்டத் தடம் இல்லாத புதருக்குள் படத்துக்காக இறங்காதீர்கள். இதே சாலையில் கொஞ்சம் மேலே போனால் கண்ணிவெடி அருங்காட்சியகம் இருக்கிறது. காரணம் அங்கே புரியும்.

மறுநாள் சியெம் ரீப் ஸ்டுடியோ ஒன்றில் நாற்காலிப் படத்தைப் பிரிண்ட் போட்டேன், ஒரு டாலர். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேறொரு டுக்-டுக், பன்னிரண்டு டாலர். இவர் பேசிய காசைத் தாண்டி ஒரு ரியல்கூடக் கேட்கவில்லை. பாட்டி படத்தை வாங்கி, சேலைத்துணியில் துடைத்து, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்து ஏதோ சொன்னார். மகள் வாயைப் பொத்திக்கொண்டார். விடாமல் கேட்டதும் சொன்னார்: முகம் கறுப்பாக விழுந்திருக்கிறதாம், அந்தக் கடைத்தெரு ஸ்டுடியோக்காரன் இதைவிட நன்றாக எடுப்பானாம்.